தவசியைத் தொடாத ஏரி

வெண்ணூத்து ஏரி தவசியை விட்டு விலகின அன்று காலையில் நான் என் கடையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன், எண்ணெய் இன்னும் காயவில்லை, முதல் பஸ்ஸில் வந்த கூட்டம் குரங்குத் தொப்பியும் சால்வையுமாய்ப் படகுத்துறைப் படியில் நின்றுகொண்டு, காசு கொடுத்து வாங்கின குளிரைப் பற்றி “அய்யய்யோ, என்னா குளிரு” என்று குறை சொல்லிக்கொண்டிருந்தது, அப்போதுதான் தவசி வழக்கம்போலக் கூலிங்கிளாஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விசிலடித்தபடி, கடைசிப் படியில் இறங்கி மோட்டார் படகின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான், தண்ணீர் பின்னால் போனது. அலை போகிற மாதிரி இல்லை. அலை திரும்பி வரும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பிடிக்காத ஆள் வந்து உட்கார்ந்தால் நாம் ஜன்னலோரம் ஒண்டிக்கொள்வோமே, அந்த மாதிரி ஒதுங்கிப் போய் நின்றது.

அவன் ஓர் எட்டு வைத்தான், அது இன்னும் கொஞ்சம் போனது. இன்னோர் எட்டு வைத்தான், இன்னும் போனது. படகு முனகிக்கொண்டே சேற்றில் உட்கார்ந்தது. அவன் பின்னால் நடந்து படியில் ஏறினதும் தண்ணீர் சாவகாசமாய்த் திரும்பி வந்து படகைத் தூக்கிக்கொண்டது. கூட்டம் கை தட்டியது. “இதுவும் டிக்கெட்லயே சேர்த்தியாண்ணா?” என்று ஒரு பையன் கேட்டான். தவசி தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கால் பொட்டு ஈரம்கூட இல்லாமல் காய்ந்திருந்தது.

எனக்கு ஆச்சரியம் வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கு வந்தது கூச்சம். ஏனென்றால் முந்தின நாள் மத்தியானம் நடந்ததை எங்கள் ஊரில் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

தவசி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் மோட்டார் படகு ஓட்டுகிறவர்களில் அவன்தான் ராஜா. அன்னப்பறவை மாதிரி செய்திருக்கிற மிதிபடகை ஓட்டத் தெரியாமல் நட்ட நடு ஏரியில் சுற்றிச் சுற்றி வருகிற புதுமாப்பிள்ளைகளைக் கொக்கிக் கம்பு போட்டு இழுத்து வருவான், எதிரொலிப் பாறைக்கு எந்த இடத்தில் நின்று கத்தினால் பேர் முழுசாய்த் திரும்பி வரும் என்று காட்டிக் கொடுப்பான், பைன் காட்டில் சினிமா எடுத்த இடம் என்று ஒரு இடத்தைக் காட்டுவான், அங்கே யாரும் எதுவும் எடுத்ததில்லை. வாய் ஜாலம் ஜாஸ்தி. வருகிறவர்கள் வாய் பிளந்து கேட்கக் கேட்க இவனுக்கும் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் ஒரு வருஷமாக, இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் தன் தாத்தாவின் ஜமீனாக இருந்தது, அணை கட்டின தண்ணீருக்கடியில்தான் அரண்மனை கிடக்கிறது என்று அளக்க ஆரம்பித்திருந்தான். தண்ணீருக்கடியில் கிடப்பது தேயிலைத் தோட்டம். அவனுடைய அப்பா அம்மா கொழுந்து பறித்த தோட்டம்கூட இல்லை, அது அடுத்த மலையில் இருக்கிறது, அவன் மீசை முளைத்த பிறகுதான் இந்த ஏரிக்கரைக்கே வந்தான்.

அவனை வளர்த்தது அவனுடைய அக்கா பூவாயி. அம்மா போன பிறகு அவனை வளர்த்தாள், பிறகு அவன் பெண்டாட்டி போன பிறகு அவன் மகள் பவித்ராவையும் வளர்த்தாள், நடுவில் தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி வேண்டாமா என்று கேட்டவர்களிடம் “இதுங்களுக்கு யாரு சோறாக்குறது?” என்று கேட்டே காலத்தை ஓட்டிவிட்டாள். இன்றைக்கும் எஸ்டேட்டில் கொழுந்துதான் பறிக்கிறாள்.

அந்த மத்தியானம் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக் கூட்டம் வந்திருந்தது, எல்லாரும் ஒரே மாதிரி பனியன் போட்டிருந்தார்கள், தவசி படகில் நின்றபடி அவர்களுக்கு அரண்மனையை விவரித்துக்கொண்டிருந்தான், எத்தனை யானை, எத்தனை தூண் என்று. பூவாயி தூக்குப்போசியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு பறிப்புக்காட்டிலிருந்து நேராக வந்துவிட்டாள். இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கு, தலையில் துண்டு, அட்டை கடித்த காலில் ரத்தம் கோடு போட்டு வழிந்து காய்ந்திருந்தது. படியில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள், “யாருண்ணா அவங்க? உங்களையே பாக்குறாங்க?”

தவசி திரும்பிப் பார்த்தான். “தெரியலைங்க” என்றான். “எஸ்டேட் ஆளு யாரோ. சோறு விக்க வருவாங்க.” அதோடு விட்டிருக்கலாம் பாவி. கையை வேறு ஆட்டி, “இந்தாம்மா, கெஸ்ட்டு வர்ற எடத்துல நிக்காத, அந்தப் பக்கம் போ” என்றான்.

பூவாயி அவனைப் பார்த்தாள். “சரிங்க” என்றாள்.

சொந்தத் தம்பியைப் பார்த்து “சரிங்க.” தூக்குப்போசியை என் கடை மேடையில் வைத்துவிட்டு, “ரோசா, அவன் வந்தாக் குடுத்துடு, ஆறிப்போகும்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். நான் கரண்டியை எண்ணெயில் விட்டுவிட்டு நின்றேன். எனக்கே முகம் எரிந்தது.

மறுநாள் ஏரி அவனைத் தொட மாட்டேன் என்றது.

முதலில் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற ஜமால் பாய் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “டேய் தவசி, என்னாடா பண்ணித் தொலைச்ச? படகுக்குத் தண்ணி வேணும்டா” என்று கத்தினார். பிறகு அணை ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து தவசியை நடக்கவிட்டு, நிற்கவிட்டு, ஓடவிட்டு அளந்தார்கள், ஏரியின் மட்டத்தில் ஒரு விரல்கடைகூடக் குறையவில்லை, விலகின தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்றும் பிடிபடவில்லை, மட்டம் குறையாத வரை இது எங்கள் தலைவலி இல்லை என்று சொல்லிவிட்டு என் கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீர் அவன் மேல் ஒழுங்காகத்தான் விழுந்தது. மழையும் எல்லாரையும் நனைக்கிற மாதிரியே அவனையும் நனைத்தது. ஏரிக்கு மட்டும்தான் அவனைப் பிடிக்கவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், எது வந்தாலும் நாங்கள் அதைப் பார்த்து வாய் பிளப்பது கொஞ்ச நேரம், அப்புறம் இதை வைத்து என்ன பண்ணலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். ஒரு பெரியவர் படகில் தும்மித் தும்மிப் பல்செட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு அழாத குறையாக நின்றபோது, ஜமால் பாய் தவசியைப் பார்த்தார், தவசி ஏரிக்குள் நடந்தான், தண்ணீர் தலைக்கு மேல் உயரத்துக்குச் சுவர் மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது, அவன் போய்ப் பல்செட்டை எடுத்துவந்து கொடுத்தான். அன்றிலிருந்து செல்போன் விட்டவர்கள், மோதிரம் விட்டவர்கள், ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் எல்லாரும் தவசி எங்கே தவசி எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள். குடிதண்ணீர் மோட்டார் குழாயில் பாசி அடைத்தால் பஞ்சாயத்திலிருந்து அவனைத்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து அவன் பின்னால் ஏரிக்கடியில் நடத்திக் காட்டினாள், மூழ்கின தேயிலைச் செடிகளின் கட்டைகள் வரிசை மாறாமல் அப்படியே நின்றன, அரண்மனை எங்கே என்று ஒரு வாண்டு கேட்டது, தவசி கேட்காத மாதிரி நடந்தான். மீன் பிடிக்கிறவர்கள் ஆசையாய் வலையோடு வந்தார்கள், ஆனால் மீனும் தண்ணீரோடு சேர்ந்து அவனை விட்டுத் தள்ளிப் போய்விட்டது, ஒரு கெண்டைக்குஞ்சுகூட அகப்படவில்லை. படகுத்துறை வாசலில் எழுதியிருந்த போர்டில், குதிரை சவாரி, எதிரொலிப் பாறை, பைன் காடு, மூடுபனி முனை என்பதற்குக் கீழே ஜமால் பாய் புதுசாய் ஒரு வரி எழுதவைத்தார்: ‘தண்ணீர் விலகும் மனிதர்.’ ஆட்கள் அவன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவன் கூலிங்கிளாஸ் போடுவதை விட்டுவிட்டான். விசிலும் நின்றுபோனது.

இதெல்லாம் பகல் கணக்கு. சாயங்காலம் கடைசி பஸ் போன பிறகு ஊர்க்காரர்கள் என் கடையில் உட்கார்ந்து இவன் செய்த பாவம் என்ன என்று பேசுவார்கள். ஒருத்தன் சொன்னான், எவளையோ ஏமாற்றியிருக்கிறான் என்று. ஒருத்தன் சொன்னான், படகில் வந்த யாருடைய நகையையோ அமுக்கியிருக்கிறான் என்று. இன்னொருத்தன் குரலை இறக்கி, “கொலை, தண்ணிக்கு எல்லாம் தெரியும்” என்றான். தவசி எல்லாவற்றையும் எட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கொலைகாரன் என்ற பேரைக்கூடத் தாங்கிக்கொண்டான், நான் பார்த்தேன், ஆனால் உண்மையைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. கொலை என்றால் ஒரு கோபம் இருக்கும், ஒரு காரணம் இருக்கும். இதற்கு என்ன காரணம் சொல்வான்? அக்காவின் காலில் ரத்தம் இருந்தது, அதனால் எனக்கு வெட்கமாக இருந்தது என்று எந்த வாயால் சொல்வான்?

ஒருநாள் கடையில் யாரும் இல்லாதபோது வந்தான். “ரோசாக்கா, அன்னைக்கு நடந்ததை நீங்க யார்கிட்டயும்...”

“என் கடையைப் பாக்கவே எனக்கு நேரமில்ல, உன் கதையை எங்கடா தூக்கிட்டுத் திரியுறது” என்றேன். “எங்கிட்ட ஏன் வர்ற? பூவாயிகிட்டப் போய்க் கால்ல விழு.”

“அக்காவுக்குக் கேட்டிருக்காதுல்ல? காத்து அடிச்சுது அன்னைக்கு.”

“கேக்காமலா ‘சரிங்க’ன்னா?”

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பூவாயி தினமும் சோறு கொண்டுவந்துகொண்டுதான் இருந்தாள், ஆனால் படகுத்துறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, என் மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்பான். வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள், உப்பு, மண்ணெண்ணெய், பவித்ராவின் காலேஜ் பீஸ் என்று. அதை மட்டும் பேசவில்லை.

அப்படியே ஓடியிருக்கும். பவித்ராவுக்கு மாப்பிள்ளை அமைந்தது.

அமைந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், இரண்டும் ஏற்கெனவே பஸ்ஸில் பார்த்துச் சிரித்து முடிவு பண்ணிவிட்டன. பையன் முகிலன், ஜீப் ஓட்டுகிறான், நல்ல பையன், என் கடையில் சாப்பிட்டால் தட்டைத் தானே எடுத்துப் போடுவான். அவன் அப்பா வீரபத்திரன், அணையில் மதகுகளை ஏற்றி இறக்குகிற லஸ்கர். மழைக்காலத்தில் அவர் கை வைத்தால்தான் கீழ்நாட்டுக்குத் தண்ணீர் போகும், அந்த மிடுக்கு நடையில் தெரியும், மற்றபடி சிரிக்கத் தெரியாத நேர்மையான மனுஷன். அவர் சொல்லி அனுப்பினார்: “பொண்ணு தங்கம். ஆனா தண்ணி ஒதுக்கி வச்ச வீட்டுல சம்பந்தம் பண்ண எனக்கு மனசு வரல. காரணம் தெரியணும். படகுல வச்சுக் கேட்டுக்கிறேன்.”

படகில் வைத்துக் கேட்பது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சானாலும், பங்காளிச் சண்டையானாலும், எது முக்கியமோ அதை நடு ஏரியில் படகை நிறுத்தி வைத்துத்தான் பேசுவோம். கரையில் பேசினால் எவனாவது ஒருத்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். நடு ஏரியில் எழுந்து எங்கே போவான்? கோபம் வந்தால் வரட்டும், உட்கார்ந்து ஆறட்டும், பேசி முடித்துவிட்டுத்தான் கரை. பெண்ணும் மாப்பிள்ளையும் கரையில் நிற்க வேண்டும், இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு ஆள் சாட்சியாகப் படகில் உட்கார வேண்டும். படகில் பொய் சொன்னவன் அதுவரை கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் ஊரே ஓடுகிறது.

சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என்னைத்தானா கூப்பிட வேண்டும்!

அன்று காலை தவசி வந்து என் முன்னால் நின்றான். சவரம் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். “இன்னைக்குச் சொல்லிடப்போறேன் ரோசாக்கா. அக்கா முன்னாடியே சொல்லிடுறேன். என்னால முடியல” என்றான். “சொல்லு, நல்லாயிருப்ப” என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

தவசி ஏறினால் படகு எப்படிப் போகும் என்று ஒரு சிக்கல் இருந்தது, அதற்கு ஜமால் பாய் வழி சொன்னார், மற்றவர்கள் முன்னால் போகட்டும், தவசி பின்னால் நடந்து வரட்டும் என்று. அப்படியே செய்தோம். வீரபத்திரன், அவர் சம்சாரம், பூவாயி, நான், நாலு பேரும் துடுப்புப் படகில் போய் நடு ஏரியில் நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது, கரையில் டூரிஸ்டுக் கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது, ஜமால் பாய் கம்பை வைத்துக்கொண்டு அவர்களைத் தள்ளிக்கொண்டிருந்தார், பவித்ரா சிவப்புச் சேலையில் தனியாகத் தெரிந்தாள். தவசி படியிறங்கி நடந்து வந்தான். தண்ணீர் அவனுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஒதுங்கியது, அவன் கிட்டே வர வர எங்கள் படகு இறங்கிக்கொண்டே போனது, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, கடைசியில் தேயிலைக் கட்டைகளுக்கு நடுவில் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தது. சுற்றி ஆள் உயரத்துக்கும் மேல் பச்சைத் தண்ணீர் சுவராய் நின்றது. வீரபத்திரன் சம்சாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீரபத்திரன் மட்டும் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தண்ணீரென்றால் பயமில்லை. தவசி படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றான்.

“தவசி, சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது” என்று ஆரம்பித்தார் வீரபத்திரன். “திருட்டா இருந்தாச் சொல்லுங்க, அறியாத வயசுல பண்ணியிருப்பீங்க. பொம்பள விஷயமா, அதையும் சொல்லுங்க. நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு ஆகாது. கூடப்பொறந்தவங்களுக்குத் துரோகம் பண்ணின ஆளா மட்டும் நீங்க இருக்கக் கூடாது. என் தம்பியைப் படிக்க வச்சேன். பெரிய ஆபீசரானான். அவன் வீடு குடி போறப்ப என்னைப் பந்தியில உக்கார வைக்கல, சமையக்காரங்களோட சேத்து வச்சுச் சோறு போட்டான். அன்னைக்குக் கை கழுவுனவன்தான் நான். அந்த மாதிரி ரத்தம் என் வீட்டுக்குள்ள வர வேணாம். மத்தபடி எதுவா இருந்தாலும் சரி. சொல்லுங்க.”

எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மனுஷன் இதையா கேட்க வேண்டும்?

தவசி வாயைத் திறந்தான். தண்ணீர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் சிவப்புச் சேலை நின்ற திசையைப் பார்த்தான். அப்போது பூவாயி பேசினாள்.

“அண்ணே, அவன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாம் எம்மேல.”

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் வீரபத்திரனை மட்டும் பார்த்தாள்.

“இவன் சின்னப்புள்ளையில இந்த ஏரியில விழுந்துட்டான். உசுரு பொழைக்காதுன்னாங்க. கரையில இருக்குற கன்னிமாருக்கு நேந்துக்கிட்டேன், என் தம்பியைத் திருப்பிக் குடுங்க தாயே, என் முடியை எறக்குறேன்னு. பொழைச்சுட்டான். நான் முடி எறக்கலீங்க. ஆசை. இதைத் தவிர எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு? அப்புறம் அப்புறம்னு தள்ளிப் போட்டு இத்தனை வருஷம் ஏமாத்திட்டேன். கன்னிமாரு கோவம் எம்மேல. அதை அவன் மேல காட்டுறாங்க.”

சொல்லிக்கொண்டே தலைத் துண்டை எடுத்தாள். எஸ்டேட்டில் அந்த முடியைத் தெரியாதவர்கள் இல்லை, கொண்டையை அவிழ்த்தால் முழங்கால் வரை வரும், நரைகூட அதற்கு அழகாகத்தான் இருந்தது.

இந்த ஏரியையே சின்ன வயதில் பார்க்காதவன் இதில் எப்படி விழுவான்? பூவாயி, வாய் கூசாமல், படகில் உட்கார்ந்து பொய் சொல்கிறாள், எங்கள் ஊரில் எவரும் செய்யாததைச் செய்கிறாள்.

வீரபத்திரனுக்கு முகம் இளகிவிட்டது. “அட, இவ்வளவுதானாம்மா?” என்றார். அப்புறம் முறைக்காகத் திரும்பினார். “தவசி, படகுல வச்சுக் கேக்குறேன். உங்க அக்கா சொல்றது நெசமா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. அதற்குத்தானே குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்தான். அவன் பவித்ரா நின்ற பக்கம் பார்த்தான், வீரபத்திரனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவே இல்லை, மடியில் கிடந்த துண்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க” என்றான் தவசி.

தண்ணீர் வந்தது.

கோபமாக வரவில்லை, பாய்ந்து வரவில்லை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை மாதிரி வந்தது, அவன் காலைப் பிடித்தது, இடுப்பைப் பிடித்தது, மார்பைக் கட்டிக்கொண்டது, படகைத் தூக்கி மேலே ஏற்றியது, எங்களோடு அவனும் படகின் ஓரத்தைப் பிடித்தபடி மேலே வந்தான், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. கரையில் ஒரே கூச்சல், விசில், குலவை. வீரபத்திரன் எழுந்து நின்று கும்பிட்டார். பூவாயி கையை நீட்டி, “ஏறு தம்பி, குளிரும்” என்றாள். அவன் அந்தக் கையைப் பிடித்து ஏறினான். ஏரி பொய்யென்று தெரிந்து வந்ததா, தெரியாமல் வந்ததா, அதன் மனசில் என்ன இருந்தது என்று இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை. எனக்கு அதன் மேல் கோபம்தான். அக்காவைத் தெரியாது என்று அவன் சொன்ன மறுநாள் அது விலகிப் போனது, சரி. படகில் பொய் சொன்னபோது எதற்கு வந்தது?

வந்த வெள்ளிக்கிழமை கன்னிமார் கல்லுக்கு முன்னால் பூவாயி முடி இறக்க உட்கார்ந்தாள். ஊரே கூடியிருந்தது. நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைக்கப் போனபோது தவசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து விழுந்தான். “வேணாம், வேணாம், அக்கா சொன்னது பொய்யி! நான்தான் பாவி! அக்காவை யாருன்னு தெரியாதுன்னு சொன்னேன், வெரட்டி விட்டேன்!” என்று மண்ணில் புரண்டான். ஆட்கள் அவனைத் தூக்கிப் பிடித்தார்கள். “பாருய்யா பாசத்தை” என்றான், கொலை என்று குரலை இறக்கிச் சொன்ன அதே ஆள். “அக்கா முடி போறதைத் தாங்க முடியாம பழியைத் தன் தலையில போட்டுக்குறான் பாரு.” பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

பூவாயி அவன் தலையை இழுத்துத் தன் வாயருகில் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் சொம்போடு நின்றதால் எனக்குக் கேட்டது. “படகுல சொல்லியிருந்தா வேற. இப்ப கத்தி என்ன ஆகப்போவுது? என் முடியைக் காப்பாத்திப் புள்ளை வாழ்க்கையைக் கெடுக்கப் போறியா? பேசாம இரு” என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குனிந்து தலையைக் காட்டினாள், கத்தி போட்டது.

அதற்குப் பிறகு தவசி யாரைப் பார்த்தாலும் சொன்னான். ஜமால் பாயிடம் சொன்னான், “சரிடா சரிடா, நீ நல்லவன்டா, படகை எடு” என்றார் அவர். டூரிஸ்டுகளிடம் சொன்னான், அவர்கள் அதையும் படம் பிடித்துப் போட்டார்கள், அக்காவுக்காகப் பொய் சொல்லும் தம்பி என்று, அதைப் பார்த்து இன்னும் கூட்டம் வந்தது. ஏரி வேறு அவன் நடக்கிற பக்கமெல்லாம் படியேறி வந்து காலை நனைத்தது. “போ, போய்த் தொலை” என்று அவன் தண்ணீரைக் காலால் எத்துவதை நானே பார்த்தேன். அது போகவில்லை.

கல்யாணத்தன்று அவன் வீரபத்திரனைப் பிடித்துவிட்டான். தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு பூவாயி இலைக்கு இலை பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். தவசி சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லார் காதும் கேட்க, அன்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான், பனியன் போட்ட கூட்டம், ரத்தம் காய்ந்த கால், “இந்தாம்மா,” “சரிங்க,” எல்லாவற்றையும். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான், அடிக்கிறதானால் அடிக்கட்டும் என்று.

வீரபத்திரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிக்கத் தெரியாத அந்த மனுஷன் தவசியின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “கூடப்பொறந்தவளுக்காக இப்படி ஒரு பழியைச் சுமக்க உங்களுக்கு மனசு வருது பாருங்க” என்றார். “எனக்கு இந்த மாதிரி ஒரு தம்பி வாய்க்கலையே சம்பந்தி.”

தவசி பேய் அறைந்த மாதிரி நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். “ரோசாக்கா, நீங்க பாத்தீங்கல்ல? நீங்களாச்சும் சொல்லுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன், சொல்லுங்க.”

பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. வீரபத்திரன் என்னைப் பார்த்தார். மணவறையிலிருந்து பவித்ரா பார்த்தாள், கழுத்தில் மஞ்சள் காயவில்லை. வாளியும் கரண்டியுமாக நின்ற பூவாயி தலையை ஆட்டினாள், மெதுவாக, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. வேண்டாம் என்று.

“இவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே அக்கான்னா உசுருங்க” என்றேன் நான். “என்ன வேணாலும் சொல்லுவான்.”

தவசி அங்கேயே உட்கார்ந்து, முகத்தை வேட்டியில் புதைத்துக்கொண்டு அழுதான். கல்யாண வீடே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தப் பாசத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.